பொன்னாடை இல்லாமல் ஓர் அறிவியல் கூட்டம் நடத்த முடியுமா?

கரிசல்வாசகன் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் நானும் ஒருவன். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் யாரையாவது கூப்பிட்டுப் பேச வைப்போம். பெரும்பாலும் இலக்கியம்தான். போன மாதம் முதல்முறையாக 'செயற்கை நுண்ணறிவு: இன்றும் நாளையும்' என்று தலைப்பு வைத்து, ஒரு கல்லூரிப் பேராசிரியரை அழைத்தோம்.

ஐந்து மணிக்குக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, ஐந்து பேருக்குப் பொன்னாடை. பேச வந்தவர் கைக்கு மைக் போனபோது மணி 5.50. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சிலைடு. எல்லாம் ஆங்கிலம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. 60 நாற்காலி போட்டிருந்தோம், வந்தவர்கள் 19 பேர். 'கேள்வி இருந்தால் கேட்கலாம்' என்று சொல்லும்போது எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போக வந்த பந்தல் கடைப் பையன்கள்.

அவர் மேல் குறையில்லை, நிறையத் தெரிந்தவர். நாங்கள் நடத்திய விதம்தான் சரியில்லை. அடுத்த மாதம் இதே தலைப்பில் இன்னொரு தடவை முயற்சி செய்ய ஆசை. இந்த மாதிரிக் கூட்டங்கள் நடத்தியவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்டல்பிரியன் | ஞாயிறு இரவு 9.52

சுண்டல் உண்டா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

கரிசல்வாசகன் | ஞாயிறு இரவு 9.55

தட்டாம்பயறு. அதுவும் மீந்துபோனது அண்ணே.

ஓய்வு_வாத்தியார் | ஞாயிறு இரவு 11.15

தம்பி, முப்பது வருஷம் இயற்பியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்று ஓர் அறிவியல் நிறுவனம். அங்கே வெள்ளிக்கிழமை இரவுச் சொற்பொழிவுகளை விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தொடங்கி வைத்து இருநூறு வருஷம் ஆகிறது. அதில் ஒரு மரபு உண்டு. மணி அடித்ததும் கதவு திறக்கும், பேசுபவர் உள்ளே வருவார், முதல் வாக்கியமே விஷயம். வணக்கம் கிடையாது, 'எனக்கு இந்த வாய்ப்பை நல்கிய' கிடையாது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். 1846-ல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி மேடை பயத்தில் கடைசி நிமிடம் ஓடிப்போய்விட்டார் என்றும், அதிலிருந்து பேசுபவரை முன்கூட்டியே ஓர் அறையில் பூட்டி வைப்பார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நம் ஊரில் பூட்டி வைக்க வேண்டியது பேசுபவரை அல்ல, வாழ்த்துரை வழங்க வருபவர்களை.

ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். 1812-ல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியல் விஞ்ஞானியின் சொற்பொழிவுக்கு யாரோ கொடுத்த டிக்கெட்டில் போய் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். வேலை கிடைத்தது. அதனால் உங்கள் 19 பேரைக் குறைவாக எண்ண வேண்டாம்.

பின்னாளில் அவரே சிறுவர்களுக்குப் பேசினார். 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 வருஷம் அவர் முறை. அதில் ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு. நான் வகுப்பில் அதில் ஒன்றைச் செய்வேன். எரிகிற மெழுகுவத்தியை மெதுவாக ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எழும்பும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். தீ அந்தக் கோட்டில் இறங்கித் திரியைப் பிடித்துக்கொள்ளும். எரிவது திரி இல்லை, மெழுகின் ஆவி என்று அதற்கப்புறம் நான் சொல்லத் தேவையே இருக்காது. கடைசி பெஞ்சுக்காரன் சொல்லிவிடுவான்.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணத்தைத் திண்டுக்கல்லில் பார்த்தோம். மைதானத்தில் நான் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்கு கூட்டம். யாருக்கும் பொன்னாடை போடவில்லை. சூரியன் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் தலைமையுரைக்கும் நேரமில்லை. உங்கள் கூட்டத்திலும் நடுவில் ஒரு மேசை போடுங்கள். அதில் ஏதாவது நடக்கட்டும்.

நல்லூர்_வீதி | திங்கள் காலை 7.20

அந்த வளையம் எங்கட யாழ்ப்பாணத்திலயும் தெரிஞ்சது ஐயா. ஒரு கண்ணாடியை ஏழெட்டுப் பேர் மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். வரிசையில நிண்டு கதைச்சதுதான் இப்பவும் ஞாபகம்.

கரிசல்வாசகனுக்கு ஒரு யோசினை. கேள்வியை மைக்கில கேக்கச் சொல்லாதேங்கோ. மைக்கைக் குடுத்தால் ரெண்டு பேர்தான் பிடிப்பினம், அவையும் கேள்வி கேக்க மாட்டினம், பேச்சுத்தான் பேசுவினம். வாசல்ல துண்டுக் கடதாசியும் பென்சிலும் வையுங்கோ.

கரிசல்வாசகன் | திங்கள் காலை 8.05

சீட்டு யோசனை அருமை, கண்டிப்பாகச் செய்கிறோம். ஆனால் வாத்தியார் சார், மெழுகுவத்தி சரி, கிரகணம் சரி. செயற்கை நுண்ணறிவை எப்படி மேசை மேல் வைப்பது? லேப்டாப்பைத் திறந்து சாட்ஜிபிடியில் கவிதை கேட்டால், அதைத்தான் எல்லோரும் போனிலேயே செய்கிறார்களே.

தரமணி_தங்கம் | திங்கள் பகல் 1.10

கோவில்பட்டிப் பக்கம் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா! உங்களைச் சுற்றி இருப்பதெல்லாம் தீப்பெட்டி. அதுவே போதும்.

டொனால்ட் மிக்கி என்று ஓர் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில், கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கோடு சங்கேதக் குறி உடைக்கும் வேலை பார்த்தவர். 1961-ல் அவருக்கு ஓர் இயந்திரம் தானாக விளையாடக் கற்றுக்கொள்ளும் என்று காட்ட ஆசை. கையில் கணினி இல்லை. 304 தீப்பெட்டியை ஒட்டி அடுக்கினார். நாம் நோட்டில் போடுவோமே, பெருக்கல் குறியும் சுழியும், மூன்று சேர்ந்தால் வெற்றி, அந்த ஆட்டம்தான். ஆட்டத்தில் வரக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கலர் பாசி மணி. எந்தக் கலர் என்றால் எந்தக் கட்டம் என்று ஒரு கணக்கு. குலுக்கினால் எந்தப் பாசி வருகிறதோ அதுதான் இயந்திரத்தின் ஆட்டம். ஜெயித்தால் அந்த வழியில் திறந்த பெட்டிகளில் அதே கலர் கூடுதலாகப் போடுவார், தோற்றால் எடுத்துவிடுவார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பெட்டி அடுக்கை ஜெயிப்பது கஷ்டமாகிவிடும்.

304 உங்களுக்கு அதிகம். அதற்கடுத்த வருடம் கணக்குப் புதிர்கள் எழுதும் மார்ட்டின் கார்ட்னர் இன்னும் சின்னதாக ஒன்று உண்டாக்கினார், ஹெக்ஸாபான் என்று. ஆறு சிப்பாய் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கு மூன்று கட்டம், ஆளுக்கு மூன்று சிப்பாய், எதிரெதிர் வரிசையில். செஸ் மாதிரியே நேரே ஒரு கட்டம் நகரலாம், மூலைவாட்டில் குறுக்கே வெட்டலாம். எதிரியின் கடைசி வரிசைக்குப் போனால் வெற்றி, எல்லாக் காயையும் வெட்டினாலும் வெற்றி, எதிரிக்கு நகர வழியில்லாமல் செய்தாலும் வெற்றி. மனிதர் முதலில் ஆடுவார், இயந்திரம் அடுத்து. இதற்கு 24 பெட்டி போதும். காய்க்குக் கேரம் காய், பாசிக்கு ஃபேன்சி ஸ்டோர். மொத்தச் செலவு உங்கள் ஒரு பொன்னாடைக்குள் முடிந்துவிடும்.

மறுத்துரை | திங்கள் மாலை 6.30

நல்ல பொம்மைதான். ஆனால் இதைக் காட்டி 'இதுதான் செயற்கை நுண்ணறிவு' என்றால் அது ஏமாற்று வேலை.

இன்றைக்கு மக்கள் போனில் பேசிப் பார்க்கும் சாட்ஜிபிடி போன்றது 'மொழி மாதிரி' (language model) என்ற வகை. லட்சம் கோடிக் கணக்கில் சொற்களைப் படிக்கவைத்து, அடுத்த சொல் எது என்று ஊகிக்கச் சொல்லி, தவறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்களை நூலிழை அளவு திருத்தித் திருத்திச் செய்தது. அதில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி கிடையாது. செஸ்ஸுக்கே பெட்டி வைக்க முடியாதே. இதையும் அதையும் ஒன்றாகக் காட்டினால், ஊர்க்காரர்கள் தப்பான படத்தோடு வீட்டுக்குப் போவார்கள். ஒன்றும் தெரியாமல் போவதே தேவலை.

தரமணி_தங்கம் | திங்கள் இரவு 8.45

மறுத்துரை சார், நீங்கள் சொன்னதில் கடைசி வரி தவிர எல்லாம் சரி. அதையே இரண்டாம் பாதியாக வைக்கலாமே? ஆறு சிப்பாய்க்கு 24 பெட்டி, சுழி ஆட்டத்துக்கு 304, செஸ்ஸுக்கு எத்தனை என்று கூட்டத்தையே கேளுங்கள். யாராவது ஆயிரம் என்பார்கள், யாராவது லட்சம் என்பார்கள். ஊரே பெட்டி ஒட்டினாலும் தீராது என்று புரியும்போது, 'அப்போ பார்க்காத நிலையில் என்ன செய்யும்?' என்று கேள்வி வரும். அங்கேதான் நீங்கள் சொல்லும் எண்கள் உள்ளே வருகின்றன. அந்தக் கேள்வி வராமல் பதிலைக் கொடுத்ததுதான் போன மாதக் கூட்டம்.

தவிர, பரிசும் தண்டனையும் பழைய சரக்கு இல்லை. மொழி மாதிரிகளுக்குக் கடைசியில் நாகரிகம் கற்றுக்கொடுப்பதில் மனிதர்களின் விருப்பு வெறுப்பை வைத்துப் பாசி கூட்டிக் குறைக்கும் வேலையும் இருக்கிறது.

ஓசூர்_பரணி | திங்கள் இரவு 10.20

ஆட்டத்தைப் பார்க்க ஜனம் உட்காரும், அதில் சந்தேகமே வேண்டாம். 2016 மார்ச்சில் சியோலில் கொரிய வீரர் லீ செடோலும் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலும் கோ ஆடியதை (கறுப்பு, வெள்ளைக் கல் வைத்து ஆடும் பலகை ஆட்டம்) நான் அலுவலகத்தில் பார்த்தேன். நம் நேரம் காலை 9.30. எனக்கு கோ ஆட்டத்தில் அ, ஆ கூடத் தெரியாது. இரண்டாவது ஆட்டத்தில் 37-வது கல்லை இயந்திரம் வைத்தபோது வர்ணனையாளர்களின் முகம் மாறியது, அதைப் பார்த்தே ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. லீ அப்போது நாற்காலியில் இல்லை, வெளியே போயிருந்தார். திரும்பி வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் யோசித்தார். நாங்கள் நான்கு பேர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல், ஓர் ஆள் பலகையைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 4-1 என்று இயந்திரம் ஜெயித்தது. அந்த 'ஒன்றை' லீ ஜெயித்த நாலாவது ஆட்டத்துக்கு அலுவலகமே கைதட்டியது.

சுண்டல்பிரியன் | திங்கள் இரவு 10.31

இந்தத் தடவை கொண்டைக்கடலை போடுங்கள். தட்டாம்பயறுதான் கூட்டத்தைக் கலைத்தது.

கரிசல்வாசகன் | இரண்டு வாரம் கழித்து, வியாழன் இரவு 9.10

தகவல்: ஊரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, லேபிள் ஒட்டாத காலிப் பெட்டி ஒரு கட்டுக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. எங்கள் அம்மாதான் உட்கார்ந்து சரிபார்த்தார். சின்ன வயசில் அடிப்பெட்டி, மேல்பெட்டி எல்லாம் ஒட்டிய கை. வாயைத் திறக்காமல் 48 பெட்டியை எண்ணி வைத்துவிட்டு, 'இது என்னத்தைக் கத்துக்கிடப் போகுது' என்றார்.

48 எதற்கு என்றால், இரண்டு இயந்திரம் செய்யப் போகிறோம். வாத்தியார் சார் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொன்னாடை இல்லை என்று தலைவரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

கரிசல்வாசகன் | அடுத்த ஞாயிறு இரவு 11.50

முடிந்தது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு வாத்தியார் சார் எழுந்து மேசைக்கு வந்து, 'யார் என்னோடு ஆட வருகிறீர்கள்?' என்றார். அதுதான் வரவேற்புரை. நாற்காலியை வரிசையாகப் போடாமல் மேசையைச் சுற்றிப் போட்டிருந்தோம். ஆரம்பத்தில் 30 பேர் இருக்கலாம். அப்புறம் வாசலில் நின்றவர்களை எண்ண முடியவில்லை.

இரண்டு மேசை. முதல் மேசையில் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், இரண்டாவதில் செஸ் பழகும் எட்டாவது, ஒன்பதாவது வகுப்புப் பிள்ளைகள். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் பாசி. இயந்திரம் ஜெயித்தால் அந்த ஆட்டத்தில் திறந்த ஒவ்வொரு பெட்டியிலும் அதே கலரில் ஒரு பாசி கூடுதல், தோற்றால் கடைசியாக எடுத்த பாசி காலி.

இரண்டாவது மேசையில் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். ஒரு பெண் நடுச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே வைத்தாள். அதற்கான பெட்டியில் இரண்டே பாசி: சிவப்பு என்றால் வெட்டு, நீலம் என்றால் ஓரச் சிப்பாயை நகர்த்து. நீலம் வந்தது. அவள் கண்ணை இமைக்காமல் இன்னொரு ஓரச் சிப்பாயைக் குறுக்கே வெட்டிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். சார் அந்த நீலப் பாசியை எடுத்து எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 'இனிமேல் இந்த இயந்திரம் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது' என்றார். ஆட்டம் பத்தைத் தாண்டியதும் அந்த மேசையில் பிள்ளைகள் தோற்க ஆரம்பித்தார்கள்.

முதல் மேசை வேறு கதை, நாங்கள் திட்டமிடாத கதை. சின்னப் பையன் ஒருவன் இடது ஓரச் சிப்பாயை முன்னே வைத்தான். இயந்திரம் மறுபக்கத்து ஓரச் சிப்பாயைத் தள்ளியது. அது படு முட்டாள்தனமான ஆட்டம். முன்னே போன காயாலேயே குறுக்கே நடுச் சிப்பாயை வெட்டினால் பையனுக்கு அப்போதே வெற்றி. ஆனால் அவன் கண்ணுக்குப் பட்டது பக்கத்தில் வந்து நின்ற காய்தான். நடுக்காயால் அதை வெட்டிவிட்டுச் சிரித்தான். இயந்திரம் தன் நடுக்காயால் திரும்ப வெட்டியது. இப்போது பையனிடம் இரண்டு காய், இரண்டும் எதிரியின் காயோடு முட்டிக்கொண்டு நிற்கின்றன. நகர இடமில்லை, தோற்றான். விதிப்படி அந்த முட்டாள் ஆட்டத்துக்குப் பரிசாக ஒரு பாசி கூடியது. அடுத்த பிள்ளையும் அப்படியே வெட்டினான். இன்னும் ஒரு பாசி. கடைசியில் அந்தப் பெட்டியில் நல்ல ஆட்டத்துக்கு ஒரு பாசி, முட்டாள் ஆட்டத்துக்கு ஐந்து.

அப்போது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதல் மேசையில் வந்து உட்கார்ந்தார். மூன்று ஆட்டம், மூன்றிலும் ஜெயித்தார். எழுந்து இரண்டாவது மேசைக்குப் போனார். அங்கே ஒன்றுகூட ஜெயிக்க முடியவில்லை. 'ஒரே பெட்டிதானே, அது எப்படி?' என்று அவர் கேட்டதும் ஐந்தாவது படிக்கும் ஒரு பெண், 'அதுக்கு யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு பாருங்க தாத்தா' என்றாள். சார் ஒன்றுமே பேசவில்லை.

ஒரு தவறும் நடந்தது, சொல்லிவிடுகிறேன். இடவலம் மாறிய நிலைகளுக்குத் தனிப் பெட்டி கிடையாது. கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி ஆட வேண்டும். நான் இரண்டு இடத்தில் திருப்ப மறந்து, செய்யாத தப்புக்கு இயந்திரத்தைத் தண்டித்துவிட்டேன். செஸ் பிள்ளைகள் கண்டுபிடித்து, பாசியைத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

மறுத்துரை | திங்கள் காலை 8.30

முதல் மேசை விவகாரம் எதிர்பாராதது. அதை நான் சிலைடில் போட்டு ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாக வராது, ஒப்புக்கொள்கிறேன். செஸ் பெட்டிக் கணக்கைக் கேட்டீர்களா? சீட்டில் என்ன கேள்வி வந்தது?

கரிசல்வாசகன் | திங்கள் காலை 9.15

கேட்டோம் சார். அதிகபட்சமாக வந்த பதில் ஒரு கோடி. பூமியைப் பெட்டியால் நிரப்பினாலும் போதாது என்று வாத்தியார் சொன்னபோது தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அக்காக்கள் 'அப்ப எங்களுக்கு வேலை இருக்கு' என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் நீங்கள் இங்கே எழுதிய மொழி மாதிரி விளக்கத்தைத்தான் சார் எளிமையாகச் சொன்னார். பத்து நிமிடம்தான், ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை.

சீட்டு மொத்தம் 41. பாதிக்கு மேல் வேலை பற்றி. 'மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம், வேலை கிடைக்குமா?' என்று ஒரே கேள்வி ஏழெட்டுக் கையெழுத்தில். அதற்குச் சார் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றே சொல்லிவிட்டார். பேரன் குரலிலேயே போனில் பேசிப் பணம் கேட்பார்களாமே, உண்மையா என்று மூன்று சீட்டு. முடியும் என்று சொல்லி, போனை வைத்துவிட்டு நீங்களே பேரனின் நம்பருக்குப் போடுங்கள் என்றார்.

ஒரு சீட்டுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதியது எங்கள் அம்மா என்று கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. 'பாசி போடுறதும் எடுக்கிறதும் நாம. பெட்டி சும்மா கிடக்குது. அப்புறம் அது கத்துக்கிட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க?'

தரமணி_தங்கம் | திங்கள் காலை 9.40

அம்மாவை அடுத்த மாதம் பேச அழையுங்கள்.

மறுத்துரை | திங்கள் காலை 9.58

ஆதரிக்கிறேன். நானும் வருகிறேன், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

கரிசல்வாசகன் | திங்கள் இரவு 8.20

வேறு ஒரு சின்ன விஷயம். பெட்டிகளை நூலகத்திலேயே வைக்கலாம் என்று எண்ணி அடுக்கினால் முதல் மேசையில் 23-தான் இருக்கிறது. 17-ம் எண் பெட்டியைக் காணவில்லை. இந்த இழையை நம் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மேலத்தெரு_அம்மா | திங்கள் இரவு 9.05

அண்ணே, அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மன்னிக்கவும். பாசியைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன். பெட்டியை மட்டும் இரண்டு நாள் பொறுத்துத் தருகிறோம். உள்ளே பொன்வண்டு இருக்கிறது. பையன் கருவேல இலை போட்டு வைத்திருக்கிறான், முட்டை வைக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறான்.